கையில் கரையும் பனி மலையை எப்படி அறுக்கிறது?

டெல்லி ஆர்.கே. புரத்தில் 11ஆம் வகுப்பு படிக்கும் ஒரு பெண் கேட்டிருந்தாள்: "அங்கிள், சர்க்கு, அரெட்டு, மொரைன் எல்லாம் மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ஐஸ் கட்டி கையிலேயே கரைந்துபோகிறது. அது எப்படி இமயமலைப் பாறையை அறுக்கும்? புத்தகத்தில் எல்லாப் படமும் ஆல்ப்ஸ் மலையாக இருக்கிறது. நம் பக்கம் இதையெல்லாம் எங்கே பார்ப்பது?"

இரண்டாவது கேள்விக்குக் கடைசியில் வருகிறேனம்மா. முதல் கேள்விதான் முக்கியம். அதற்கு விடை புரிந்துவிட்டால் மனப்பாடம் செய்த பெயர்கள் எல்லாம் தானாக ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும்.

உன் சந்தேகம் மிகச் சரியானது. தாதுக்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில், உருகும் நிலையை ஒட்டிய பனிக்கட்டிக்குச் சுமார் 1.5தான். நம் நகத்துக்கே 2.5. உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் மலை மந்திர் இருக்கிறதே, முருகன் கோயில் நிற்கும் அந்தக் குன்று டெல்லி ரிட்ஜ் என்ற பாறைத்தொடரைச் சேர்ந்தது. அதன் பாறை குவார்ட்சைட். அதிலுள்ள குவார்ட்ஸின் கடினம் 7. சுத்தமான ஐஸை அந்தப் பாறை மேல் நாள் முழுக்கத் தேய்த்தாலும் ஒரு கீறல் விழாது.

ஆக, பனி தனியாக எதையும் வெட்டுவதில்லை. அதற்கு இரண்டு துணை வேண்டும். ஒன்று, அதன் அடியில் பதிந்திருக்கும் கற்கள். இன்னொன்று, அடியில் கசிந்து ஓடும் நீர். பாடப்புத்தகங்கள் முதலாவதைச் சொல்லிவிட்டு இரண்டாவதை ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது. ஏனென்றால் நீரை விட்டுவிட்டால் பாதிக் கதை புரியாது.

முதலில் பனி எப்படி நகர்கிறது என்று பார்ப்போம். கோடையிலும் முழுதாக உருகாத இடத்தில் வருடா வருடம் பனி விழுந்து சேர்கிறது. மேலே விழுவது கீழே இருப்பதை அழுத்துகிறது. இடையிலிருந்த காற்று வெளியேறி, பஞ்சு போன்ற பனி முதலில் குருணையாகி, பிறகு கெட்டியான நீலப் பனிக்கட்டியாகிறது. இந்தக் கட்டி சுமார் 30 முதல் 50 மீட்டர் தடிமனைத் தாண்டியதும் ஒரு மாற்றம் நடக்கிறது. தன் எடையைத் தாங்க முடியாமல் அடிப்பகுதி மெல்ல உருமாறி வழியத் தொடங்குகிறது. இப்படி நகரும் பனிதான் பனியாறு. மேல்பகுதியில் அந்த அழுத்தம் இல்லை. அதனால் அது வளைந்துகொடுக்காமல் வெடிக்கும். மலையேறிகளை விழுங்கும் பனிப்பிளவுகள் இப்படி உண்டானவைதான். அவற்றின் ஆழம் பெரும்பாலும் சில பத்து மீட்டரோடு நின்றுபோவதும் இதனால்தான்.

இந்த நகர்வை மனிதர்கள் அளந்து உறுதிசெய்தது 19ஆம் நூற்றாண்டில். சுவிட்சர்லாந்தில் உன்டரார் என்ற பனியாற்றின் மேல் ஹூகி என்பவர் 1827இல் ஒரு குடிசை கட்டினார். பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து, பனியாறுகளை ஆராய்ந்த லூயி அகாசி அங்கே போய்ப் பார்த்தபோது, குடிசை கட்டிய இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் மேல் கீழே வந்திருந்தது. இமயமலைப் பனியாறுகளில் பல வருடத்துக்குச் சில பத்து மீட்டர் வேகத்தில் நகர்கின்றன. கிரீன்லாந்தின் யாக்கோப்சாவ்ன் பனியாறு 2012இல் ஒரு நாளைக்கு 40 மீட்டருக்கும் மேல் ஓடியது.

சரி, இனி அறுக்கும் வேலை. இது இரண்டு விதமாக நடக்கிறது.

ஒன்று, சிராய்த்தல். பனியின் அடியில் ஒட்டியிருக்கும் கல்லும் மணலும் படுகைப் பாறையை உப்புத்தாள் போலத் தேய்க்கின்றன. பெரிய கல் நீளமான கீறல் போடும். நுண்ணிய துகள் பாறையை மெருகேற்றிப் பளபளக்க வைக்கும். இங்கே பலர் ஒரு விஷயத்தைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 300 மீட்டர் தடிமனுள்ள பனி ஒவ்வொரு சதுர மீட்டர் மேலும் சுமார் 270 டன் எடையை வைக்கிறது, அந்த எடைதான் கல்லைப் பாறைக்குள் அழுத்துகிறது என்று எழுதுகிறார்கள். எடைக் கணக்கு சரி, காரணம் சரியில்லை. பனி கல்லைச் சுற்றி எல்லாப் பக்கமும் வழிந்து சூழ்ந்திருப்பதால் மேலிருந்து வரும் அழுத்தம் நேராகக் கல்லில் போய் முடிவதில்லை. பனியின் அடித்தளம் பூமியின் உள்வெப்பத்தாலும் உராய்வாலும் உருகிக்கொண்டே இருக்கிறது. அப்படி உருக உருக, மேலுள்ள பனி படுகையை நோக்கி இறங்குகிறது. அந்த இறக்கம்தான் கல்லைப் பாறை மேல் பிடித்து அழுத்துகிறது. அடி உருகாவிட்டால் கல் அழுந்தாது. தேய்ந்து மழுங்கிய கல்லுக்குப் பதில் புதுக் கல்லும் கீழே வராது.

இரண்டாவது, பறித்தல். படுகையில் ஒரு பாறை மேடு இருக்கிறது என்று வைத்துக்கொள். பனி அதன் மேல் ஏறும் பக்கத்தில் அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடினால் பனியின் உருகுநிலை சற்றுக் குறையும். அங்கே கொஞ்சம் உருகுகிறது. அந்த நீர் மேட்டைச் சுற்றி இறங்கும் பக்கம் போய், அழுத்தம் குறைந்ததும் மறுபடி உறைகிறது. இறங்கும் பக்கத்தில் பனிக்கும் பாறைக்கும் நடுவே ஒரு வெற்றிடமும் உண்டாகும். அதில் நீர் நிறைகிறது, வடிகிறது. பகலில் உருகுநீர் அதிகம், இரவில் குறைவு. இந்த ஏற்ற இறக்கத்தில் பாறையிலிருக்கும் பழைய வெடிப்புகள் கொஞ்சம் கொஞ்சமாக நீள்கின்றன. கடைசியில் ஒரு பாளம் கழன்று பனியோடு போய்விடுகிறது. பெரிய அளவில் பாறையை அகற்றுவது இந்தப் பறித்தல்தான். அப்படிப் பறித்த பாளமே அடுத்த இடத்தில் சிராய்க்கும் கருவியாகிறது.

இந்த இரண்டு வேலையையும் ஒரே பாறையில் பார்க்கலாம். பனி வந்த பக்கம் சாய்வாக, வழவழவென்று, கீறல்களோடு இருக்கும். போன பக்கம் செங்குத்தாக, கரடுமுரடாக உடைந்திருக்கும். பிரெஞ்சில் இதை ரோஷ் மூத்தோனே என்பார்கள். தேர்வில் படம் கொடுத்துப் பனி எந்தத் திசையில் போனது என்று கேட்டால், வழவழப்பான பக்கத்திலிருந்து உடைந்த பக்கத்துக்கு அம்புக்குறி போடு.

நீர் எவ்வளவு முக்கியம் என்பதற்கு எதிர்ப்பக்கச் சான்றும் இருக்கிறது. கடுங்குளிர்ப் பகுதிகளில் பனி படுகைப் பாறையோடு சேர்ந்து உறைந்துகிடக்கும். அடியில் துளி நீர் கிடையாது. அங்கே பனி சறுக்குவதே இல்லை, உள்ளுக்குள் மட்டும் வழியும். சுவீடனின் வடபகுதியில் பெரிய பனிவிரிப்புகள் மூடிக்கிடந்த இடங்களிலேகூட, அதற்கு முந்தைய பாறைத் தூண்கள் கலையாமல் நிற்கின்றன. அறுக்க வேண்டிய பனி அங்கே போர்வையாக இருந்து பாதுகாத்திருக்கிறது.

இதை வைத்துக்கொண்டு இனி நீ படித்த பெயர்களைப் பார்.

மலைச்சரிவில் ஒரு குழி. அதில் பனி சேர்ந்து சேர்ந்து, சுற்றிச் சுழல்வது போல் கீழே நழுவுகிறது. பின்சுவரைப் பறிக்கிறது, தரையைச் சிராய்க்கிறது. நாளடைவில் கைப்பிடி வைத்த சாய்வு நாற்காலியின் வடிவம் வந்துவிடும். அதுதான் சர்க்கு. இரண்டு சர்க்குகள் முதுகோடு முதுகாகப் பின்னோக்கிப் பறித்துக்கொண்டே வந்தால் நடுவில் மிஞ்சுவது கத்திமுனை போன்ற முகடு, அரெட்டு. மூன்று நான்கு பக்கமும் இப்படி நடந்தால் மிஞ்சுவது கூர்ங்கொம்பு. ஆல்ப்ஸின் மேட்டர்ஹார்னைப் படத்தில் பார்த்திருப்பாய். கங்கோத்ரிப் பனியாற்றின் மேல் 6,543 மீட்டர் உயரத்தில் நிற்கும் சிவ்லிங் சிகரமும் அதே வகைதான். தேர்வுத் தாளில் மேட்டர்ஹார்னோடு இதையும் சேர்த்து எழுது.

சர்க்கில் பனி போன பிறகு ஏரி நிற்கிறது. ஏன் நிற்கிறது என்று யோசித்திருக்கிறாயா? ஆறு எப்போதும் கீழ்நோக்கித்தான் ஓடும். ஒரு பள்ளத்தைத் தோண்டிவிட்டு மேலேறிப் போக அதனால் முடியாது. பனியாற்றால் முடியும். அதை நகர்த்துவது அதன் மேற்பரப்பின் சரிவு. மேற்பரப்பு கீழ்நோக்கிச் சரிந்திருந்தால் போதும், அடிப்பகுதி மேடேறியும் போகும். எங்கே பனி தடிமனாக, நீரோடு வேகமாகப் போகிறதோ அங்கே ஆழமாகத் தோண்டும். ஓரத்தில் மெலிந்தால் தோண்டுவதும் குறையும். அதனால் நடுவில் குழியும் வாசலில் பாறை வரம்பும் வருகின்றன. பனியாற்றுப் பள்ளத்தாக்குகளில் படிப்படியாக ஏரிகள் இருப்பதற்கும், பனியாறு தோண்டிய பள்ளத்தில் கடல் புகுந்த நார்வேயின் சோங்னே ஃபியோர்டு கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 1,300 மீட்டர் ஆழம் இறங்கிவிட்டு, கடலில் சேரும் வாயில் ஆழம் குறைந்து இருப்பதற்கும் இதுவே காரணம். ஆறுக்கும் பனியாறுக்கும் உள்ள வேறுபாடுகளில் இதைத்தான் நான் முதலில் எழுதுவேன்.

யு வடிவப் பள்ளத்தாக்குக்கு வருவோம். ஆறு தன் அடியை மட்டும் ஒரு கோடாக அறுக்கிறது. பக்கச் சுவர்கள் சரிந்து சரிந்து வி வடிவம் வருகிறது. பனியாறு பள்ளத்தாக்கின் பாதி உயரம் வரை நிறைந்து, அடியையும் சுவரையும் சேர்த்துத் தேய்க்கிறது. வளைந்து வளைந்து போன மலைக்கால்களின் நுனிகளை வெட்டி நேராக்கிவிடுகிறது. பக்கத்திலிருந்து வந்து சேரும் கிளைப் பனியாறு மெலிந்தது, அதனால் அதன் தரை அவ்வளவு ஆழம் போகாது. பனி எல்லாம் உருகிய பிறகு பார்த்தால் கிளைப் பள்ளத்தாக்கின் வாய் பெரிய பள்ளத்தாக்கின் சுவரில் அந்தரத்தில் திறந்திருக்கும். அதுதான் தொங்கும் பள்ளத்தாக்கு. அதிலிருந்து ஓடை அருவியாக விழும். கலிஃபோர்னியாவின் யோசெமிட்டியில் பிரைடல்வெயில் அருவி இதற்குப் பேர்போன உதாரணம்.

அப்புறம், ஒரு பள்ளத்தாக்கு யு ஆகவும் வி ஆகவும் இருக்கலாம். கங்கோத்ரி ஊரிலேயே இதைப் பார்க்கலாம். அகன்ற பழைய பனியாற்றுப் பள்ளத்தாக்கின் அடியில் பாகீரதி, கிரானைட்டைக் குடைந்து குறுகிய பாறைப் பிளவுக்குள் சூர்யகுண்ட் அருவியாக விழுகிறது. பனி அகலப்படுத்திவிட்டுப் போன தரையில் ஆறு தன் வேலையைத் தொடங்கிவிட்டது.

இனி பனி சுமந்து வந்து போடுவது. கங்கோத்ரிப் பனியாற்றின் நுனியான கோமுக்கை முதல்முறை பார்க்கப் போகிறவர்களில் பலர் ஏமாந்துபோகிறார்கள். சுமார் 30 கிலோமீட்டர் நீளமுள்ள பனியாறு வெள்ளையாகப் பளபளக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். நேரில் பார்ப்பது கல்லும் மண்ணும் குவிந்த சாம்பல் நிற மேடு. கிட்டே உற்றுப் பார்த்தால் கற்களுக்கு அடியில் அழுக்கான பனிச்சுவர் தெரியும். மதிய வெயிலில் அதன் உச்சியிலிருந்து ஒவ்வொன்றாகக் கற்கள் உருண்டு விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அடியில் ஒரு குகை வாய், அதிலிருந்து கலங்கிய சாம்பல் நிறத்தில் பாகீரதி சீறிக்கொண்டு வரும். அந்தக் கலங்கல், பனியின் அடியில் அரைபட்ட பாறை மாவு. தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வைத்தால் பெரிய துகள் அடியில் தங்கும், மாவு வெகுநேரம் மிதக்கும். அறுக்கும் வேலை இன்றும் நடக்கிறது என்பதற்கு அதைவிட நேரடிச் சான்று கிடையாது.

மேலே கிடக்கும் அந்தக் கற்கள் உருகுவதையும் மாற்றுகின்றன. மெல்லிய தூசிப் படலம் வெயிலை உறிஞ்சி உருகலைக் கூட்டும். தடிமனான கற்போர்வை வெப்பம் உள்ளே போகாமல் தடுத்து உருகலைக் குறைக்கும்.

தேர்வில் பலர் சறுக்கும் இடம் ஒன்று. பனியாறு பின்வாங்குகிறது என்றால் பனி மேல்நோக்கி நகர்கிறது என்று பொருள் கொள்ளக் கூடாது. பனி எப்போதும் கீழேதான் வருகிறது. வருவதைவிட நுனியில் உருகுவது அதிகமானால் நுனியின் இடம் மேலே போகும், அவ்வளவுதான். கோமுக்கின் நுனியை இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் ஆடன் 1935இல் வரைபடமாக்கினார். அதோடு ஒப்பிட்டால் நுனி இன்று ஒரு கிலோமீட்டருக்கும் மேல் பின்னால் போயிருக்கிறது. நுனி ஒரே இடத்தில் நெடுநாள் நின்றால், பனி கொண்டுவரும் கல் எல்லாம் அங்கேயே குவிந்து முனை மொரைன் ஆகும். ஓரத்தில் சேர்வது பக்க மொரைன். இரண்டு பனியாறுகள் சேரும்போது அவற்றின் பக்க மொரைன்கள் இணைந்து நடுவில் ஒரு கோடாக ஓடுவது இடை மொரைன்.

மொரைனை எப்படி அடையாளம் காண்பது? ஆறு போடும் வண்டல் அளவு வாரியாகப் பிரிந்திருக்கும், கற்கள் உருண்டையாக இருக்கும். மொரைனில் வீடளவு பாறையும் விரலளவு கல்லும் மாவும் எந்த ஒழுங்கும் இல்லாமல் கலந்திருக்கும், கற்களுக்கு மூலைகள் இருக்கும். எதுவும் எதோடும் இறுகி ஒட்டியிருக்காது. அதனால்தான் மொரைன் மிக மோசமான அணை. இதை வெறும் படமாகப் படித்துவிட்டுப் போகாதே. 2013 ஜூன் 17ஆம் தேதி காலையில் கேதார்நாத்துக்கு மேலே, சோராபாரிப் பனியாற்றின் பக்க மொரைனுக்குப் பின்னால் தேங்கியிருந்த ஏரி, பெருமழையில் நிரம்பி அந்த மொரைனை உடைத்துக்கொண்டு இறங்கியது. ஆயிரக்கணக்கானவர்களை அந்த வருட வெள்ளம் கொண்டுபோனது. கேதார்நாத் ஊர் நிற்பதே பழைய பனியாறு போட்டுவிட்டுப் போன குவியலின் மேல். 2023 அக்டோபர் 3ஆம் தேதி இரவு சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரியில் இதே போல நடந்தது. பனியாறு பின்வாங்கியதால் வருடா வருடம் பெரிதாகிக்கொண்டிருந்த ஏரி அது. கரையிலிருந்த மொரைன் சரிவு இடிந்து தண்ணீருக்குள் விழுந்தது. எழுந்த அலை வாயை உடைத்தது. கீழே சுங்தாங்கில் இருந்த தீஸ்தா அணை அடித்துச் செல்லப்பட்டது. மொரைன் என்ற பாடத்தைப் புரிந்துகொண்டவர்கள் மலையில் எங்கே வீடு கட்டலாம், எங்கே கூடாது என்று சொல்லக்கூடியவர்கள். உங்கள் தலைமுறையில் அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர் வேண்டும்.

டிரம்ளின், எஸ்கர் இரண்டும் பெரிய பனிவிரிப்புகள் சமவெளியில் விட்டுச்சென்றவை. டிரம்ளின் பனி போன திசையில் நீண்ட முட்டை வடிவ மேடு. எஸ்கர் பனிக்கு அடியில் சுரங்கம் போல ஓடிய ஆற்றின் மணல், பனி உருகியபின் வளைந்த கரையாக மிஞ்சியது. பின்லாந்திலும் கனடாவிலும் ஏராளம். நம் நாட்டில் இவற்றைத் தேடி அலைய வேண்டாம்.

பனியாற்றின் மாவும் மணலும் மலையோடு நின்றுவிடுவதில்லை. டெல்லியில் வீடு கட்டும் இடத்தில் இரண்டு வகை மணல் குவித்திருப்பார்கள். சிவப்பாகக் கரகரவென்று இருப்பது பதர்பூர். அது ஆரவல்லி குவார்ட்சைட். சாம்பல் நிறத்தில் மெல்லியதாக இருப்பது ஜமுனா மணல். ஜமுனா மணலை ஒரு சிட்டிகை எடுத்து வெயிலில் பிடி, மைக்கா மினுமினுக்கும். அது இமயத்தின் பாறைகளிலிருந்து வந்தது. எல்லாம் பனியாறு அரைத்தது என்று சொல்ல முடியாது, மழையும் மண்சரிவும் பெரும்பங்கு கொண்டுவருகின்றன. ஆனால் யமுனை பிறப்பது பந்தர்பூஞ்ச் மலைப் பனியில். கிழக்கு டெல்லிக்குச் சோனியா விஹார் நிலையத்திலிருந்து வரும் குடிநீரோ, மேல் கங்கைக் கால்வாய் வழியாக வரும் கங்கை நீர். கோமுக்கில் கலங்கலாகக் கிளம்பியதும் அதில் சேர்த்தி.

இன்னொரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன், பாடத்தில் இல்லாவிட்டாலும். ஒடிசாவின் தால்ச்சேரில் களிமண்ணில் பெரிய பாறைகள் புதைந்த ஓர் அடுக்கு இருக்கிறது. அதைப் பனிதான் போட்டிருக்க வேண்டும் என்று நிலவியலாளர்களான பிளான்ஃபோர்டு சகோதரர்கள் 1856இலேயே எழுதினார்கள். மகாராஷ்டிராவில் சந்திரபூர் பக்கம் இரை ஆற்றங்கரையில் பனி கீறிய பாறைத் தரையே கிடக்கிறது. சுமார் 30 கோடி வருடங்களுக்கு முன் கோண்ட்வானா என்ற பழைய பெருங்கண்டத்தின் பகுதியாக, தென் துருவத்துக்கு அருகில், இந்தியா பனி மூடிக் கிடந்தது. 45 டிகிரி வெயில் அடிக்கும் சந்திரபூரில் பனியின் கீறல்கள்!

இப்போது உன் இரண்டாவது கேள்வி. டெல்லியிலிருந்து போகக்கூடிய இடங்களில் எனக்குப் பிடித்தது கங்கோத்ரி வழி. உத்தரகாசியைத் தாண்டிப் பள்ளத்தாக்கு குறுகலாக, ஆறு ஆழத்தில் ஓடும். ஜாலா வந்ததும் சட்டென்று அகலும். பழைய பனியாறு இன்றைய நுனியிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் இறங்கி ஜாலா வரை வந்திருந்தது என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி முன்னும் பின்னும் பார். கோயில் அட்சய திருதியைக்குத் திறந்து தீபாவளியோடு மூடும். அந்த மாதங்களில்தான் போக முடியும். கங்கோத்ரியிலிருந்து கோமுக் 18 கிலோமீட்டர் நடை, வனத்துறை அனுமதி வேண்டும். நுனிக்கு மிக அருகே போகாதே, கல் விழும்.

இந்த வருடம் போக முடியாவிட்டால் செயற்கைக்கோள் படத்தில் சியாச்சினைத் திற. பனியின் மேல் நீளமாகக் கருப்புக் கோடுகள் ஓடும், எல்லாம் இடை மொரைன். ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் எந்த இரண்டு பனியாறுகள் சேர்ந்ததால் அது பிறந்தது என்று தெரியும். டெரம் ஷெஹர் என்ற கிளைப் பனியாறு வந்து சேரும் இடத்திலிருந்து தொடங்கு. கோடுகளை எண்ணி, ஒவ்வொன்றுக்கும் உரிய கிளையைக் குறித்து, ஒரு தாளில் வரைந்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.